கணக்கில் வராத ரசிகர்கள்: அனிமே, மங்கா திருட்டுப் பிரதிகளும் நாங்களும்

2011ஆம் ஆண்டளவில் பாலாவி – கற்பிட்டி வீதியோரத்தில் ஒரு கொமினிகேஷன் கடை இருந்தது. போட்டோ கொப்பி, ரீலோட், அடையாள அட்டைப் படம் என்று எல்லா வேலையும் அங்கே நடக்கும். எங்களைப் போன்ற பொடியன்களுக்கு முக்கியமானது மூலையில் இருந்த கொம்பியூட்டர்தான். பென் டிரைவைக் கொடுத்தால் கடை நானா படம், பாட்டு, கார்ட்டூன் என்று கேட்டதை ஏற்றித் தருவார். ஜிபி கணக்கில் காசு. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்த மாதங்களில் நருட்டோவின் முதல் நூறு பகுதிகளையும் நான் அப்படித்தான் பார்த்து முடித்தேன்.

பேசுவது ஜப்பான் மொழி. திரையின் அடியில் ஆங்கில வசனம் ஓடும். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும், இது ரசிகர்கள் ரசிகர்களுக்காகச் செய்தது, விற்பனைக்கு அல்ல என்று ஒரு வரி வந்து மறையும். அதை நாங்கள் காசு கொடுத்து வாங்கியிருந்தோம். அதில் இருந்த முரண் அப்போது எனக்கும் விளங்கவில்லை, கடை நானாவுக்கும் விளங்கியிருக்காது.

திருட்டுப் பிரதிகள் அனிமேயை உலகமெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன என்று ஒரு தரப்பு சொல்கிறது. அவை ஜப்பானியக் கலைஞர்களின் வயிற்றில் அடிக்கின்றன என்று மறுதரப்பு சொல்கிறது. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் புத்தளம் கரையில் இருந்து பார்க்கும்போது மூன்றாவது விடயம் ஒன்றும் தெரிகிறது. திருட்டுப் பிரதி எங்களை ரசிகர்களாக்கியது. அதே வேளை, எங்களை யாருடைய கணக்கிலும் வராதவர்களாகவும் வைத்திருந்தது.

மங்காவும் அனிமேயும் காசாகும் விதம்

மங்கா என்பது ஜப்பானியச் சித்திரக்கதை. அனிமே என்பது ஜப்பானிய அசைபடம். பெரும்பாலான புகழ்பெற்ற அனிமேக்கள் மங்காவிலிருந்தே பிறக்கின்றன. 1968இல் ஷுவேஷா பதிப்பகம் தொடங்கிய ‘ஷோனென் ஜம்ப்’ போன்ற இதழ்களில் கதை வாரம் ஓர் அத்தியாயமாக வரும். பிறகு அது சிறு நூல்களாகத் தொகுக்கப்படும். 1997இல் தொடங்கி இன்னும் முடியாத ‘ஒன் பீஸ்’ உலகளவில் 50 கோடிப் பிரதிகளைத் தாண்டியிருக்கிறது.

இதழில் வரும் பக்கங்களுக்கான கூலியில் பெரும்பகுதி உதவியாளர்களின் சம்பளத்துக்கே போய்விடும். ஓவியருக்குக் கையில் நிற்பது தொகுப்பு நூல்களின் உரிமத் தொகைதான். அந்த நூல்கள் விற்காவிட்டால் தொடர் பாதியில் நிறுத்தப்படும்.

அனிமேயின் கணக்கு வேறு. பதிப்பகம், தொலைக்காட்சி நிலையம், பொம்மைக் கொம்பனி, இசை நிறுவனம் எனப் பலர் சேர்ந்து ஒரு தயாரிப்புக் குழு அமைத்து முதல் போடுகிறார்கள். படத்தை உருவாக்கும் ஸ்டூடியோவுக்குப் பல வேளைகளில் கிடைப்பது தயாரிப்புக் கூலி மட்டும்தான். இலாபத்தில் பங்கு கிடைப்பது அரிது. ஆகவே ஒருவர் திருட்டுப் பிரதியைப் பார்த்தால் அன்றைக்கே ஓர் ஓவியரின் சம்பளம் குறைந்துவிடும் என்பது சரியல்ல. முதல் போட்டவர்களின் வருமானக் கணக்கில் அந்தப் பார்வை ஏறுவதில்லை. இரண்டாம் பருவம் எடுப்பதா, எந்த மொழியில் குரல் கொடுப்பது என்ற முடிவுகள் அந்தக் கணக்கைப் பார்த்தே எடுக்கப்படுகின்றன.

ரசிகர்கள் வெட்டிய பாதை

1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் அனிமே ரசிகர்கள் ஜப்பானிலிருந்து வந்த வீடியோ நாடாக்களுக்குத் தாங்களே ஆங்கில வசனம் சேர்த்துத் தபாலில் பரிமாறிக்கொண்டார்கள். நாடா விலை, தபால் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது, அந்தத் தொடருக்கு யாராவது உரிமம் வாங்கிவிட்டால் பிரதி எடுப்பதை நிறுத்திவிட வேண்டும் என்பன அவர்களிடையே இருந்த எழுதாத விதிகள். எந்தத் தொடருக்கு வெளிநாட்டில் கேள்வி இருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுத்தவர்களும் இவர்களே.

இணையம் வந்த பிறகு அந்த விதிகள் உடைந்தன. மங்காவுக்கும் இதே வேலை தொடங்கியது. ஒருவர் பக்கங்களை ஸ்கேன் செய்வார், ஒருவர் ஜப்பானிய எழுத்தை அழிப்பார், ஒருவர் மொழிபெயர்ப்பார், இன்னொருவர் பேச்சுக் குமிழிக்குள் எழுத்தைப் பொருத்துவார். இவர்களில் பலர் ஒரு சதம்கூடப் பார்க்காதவர்கள். இவர்கள் செய்ததை அள்ளி ஒரே இடத்தில் குவித்து, சூது, ஆபாச விளம்பரங்களால் உழைத்தவர்கள் வேறு ஆட்கள்.

இந்தக் கதையின் பெரிய திருப்பம் கிரஞ்சிரோல். 2006இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் தொடங்கிய அந்தத் தளம் முதலில் உரிமமில்லாத அனிமேக்கள் குவிந்த இடமாகவே இருந்தது. 2008இல் அதற்கு 40 இலட்சம் டொலர் அளவில் முதலீடு கிடைத்தபோது உரிமம் வைத்திருந்த நிறுவனங்கள் கொதித்தன. 2009 ஜனவரியில் தளம் உரிமமற்ற படங்களை நீக்கியது. டிவி டோக்கியோவுடன் ஒப்பந்தம் செய்து, நருட்டோவின் புதிய பகுதியை ஜப்பானில் ஒளிபரப்பாகி ஒரு மணி நேரத்தில் சந்தாதாரர்களுக்குத் தந்தது. காசு கட்டாதவர்கள் ஒரு வாரம் காத்திருந்து பார்க்க முடிந்தது. 2021இல் சோனி குழுமம் அந்நிறுவனத்தை 117.5 கோடி டொலருக்கு வாங்கியது. 2024இல் அதன் சந்தாதாரர் எண்ணிக்கை ஒன்றரைக் கோடியைத் தொட்டது.

திருட்டுப் பிரதியில் தொடங்கியது சட்டபூர்வத் தொழிலின் நடுத்தூணாகிவிட்டது. ஜப்பானிய அசைபடச் சங்கத்தின் கணக்குப்படி 2023இல் அனிமே சந்தை சுமார் 3.35 ட்ரில்லியன் யென். அதில் 1.72 ட்ரில்லியன் வெளிநாடுகளிலிருந்து வந்தது. உள்நாட்டு வருமானத்தைவிட அது அதிகம். ரசிகர்கள் வெட்டிய பாதை இல்லாமல் இந்த வெளிநாட்டுச் சந்தை இவ்வளவு விரைவாக உருவாகியிருக்காது.

மங்காமுரா என்ற மறுபக்கம்

2016இல் ஜப்பானில் ‘மங்காமுரா’ என்ற தளம் தோன்றியது. பெயருக்கு மங்காக் கிராமம் என்று பொருள். இங்கே மொழிபெயர்ப்பு உழைப்பும் இல்லை, நூல் கிடைக்காத ஊர் என்ற காரணமும் இல்லை. கடையில் அன்று வாங்கக்கூடிய நூல்களையே ஜப்பானியருக்கு ஜப்பானிய மொழியில் இலவசமாகக் கொடுத்தது. 2018 ஏப்ரலில் மூடப்படும் வரையில் அதனால் ஏற்பட்ட இழப்பு சுமார் 320 பில்லியன் யென் என்று பதிப்புரிமை அமைப்பு ஒன்று மதிப்பிட்டது. இலவசமாகப் படித்த ஒவ்வொருவரும் காசு கொடுத்து வாங்கியிருப்பார் என்று சொல்ல முடியாது என்பதால் இப்படியான மதிப்பீடுகளைக் கொஞ்சம் தள்ளிவைத்தே பார்க்க வேண்டும். ஆனாலும் அந்தக் காலத்தில் ஓவியர்களே வெளிப்படையாக முறையிட்டார்கள்.

தளத்தை நடத்தியவர் 2019இல் பிலிப்பைன்ஸில் பிடிபட்டார். 2021 ஜூனில் புக்குவோக்கா மாவட்ட நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறையும் ஒரு கோடி யென் அபராதமும் விதித்தது. விளம்பரத்தால் ஈட்டிய ஆறு கோடி யென்னுக்கு மேற்பட்ட தொகையையும் கட்டச் சொன்னது. 2024 ஏப்ரலில் கடோகாவா, ஷுவேஷா, ஷோகாகுகான் ஆகிய மூன்று பதிப்பகங்கள் தொடுத்த வழக்கில், சுமார் 1.7 பில்லியன் யென் இழப்பீடு கொடுக்கும்படி டோக்கியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கிடையே ஜப்பான் சட்டத்தையும் திருத்தியது. 2021 ஜனவரி முதல், திருட்டுப் பிரதி என்று தெரிந்துகொண்டே மங்காவைத் தரவிறக்குவதும் அங்கே சட்டவிரோதம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன

கெய்யோ பல்கலைக்கழகப் பொருளியலாளர் தட்சுவோ தனாகா இதை இரண்டு முறை ஆராய்ந்திருக்கிறார். 2011இல் வெளியான ஆய்வில், யூடியூப்பில் அனுமதியின்றி ஏற்றப்பட்ட அனிமே, டிவிடி வாடகையைக் குறைக்கவில்லை என்றும், விற்பனையை உயர்த்த உதவியதாகவே தெரிகிறது என்றும் கண்டார். ஆனால் ‘வின்னி’ என்ற கோப்புப் பகிர்வு மென்பொருள் வாடகையைக் குறைத்திருந்தது.

பின்னர் மங்காவைப் பற்றி அவர் செய்த ஆய்வு இன்னும் நுட்பமானது. திருட்டுத் தளங்களிலிருந்து மங்காக்கள் பெருமளவில் நீக்கப்பட்ட ஒரு சந்தர்ப்பத்தை எடுத்துக்கொண்டு, முன்னும் பின்னும் விற்பனையை ஒப்பிட்டார். முடிந்துபோன தொடர்களுக்குத் திருட்டுப் பிரதி விளம்பரமாக வேலை செய்து விற்பனையைக் கூட்டியிருந்தது. இன்னும் வந்துகொண்டிருக்கும் தொடர்களின் விற்பனையை அது குறைத்திருந்தது.

இதை ஒரு ஓவியரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். முடிந்த தொடரை எழுதியவர் பெரும்பாலும் நிலைபெற்றவர். அவருக்குத் திருட்டுப் பிரதியும் விளம்பரம். முதல் தொடரைத் தொடங்கியிருக்கும் புதியவருக்கு அடுத்த சில மாதங்களில் நூல் விற்றால்தான் கதை தொடரும். அவருக்கு அது இழப்பு. ஆகவே திருட்டுப் பிரதி நல்லதா கெட்டதா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

எங்கள் கரையில்

இனி இங்கே வருவோம். கற்பிட்டியிலோ முந்தலிலோ உடப்பிலோ மங்கா நூல் விற்கும் கடையை நான் கண்டதில்லை. இறக்குமதியான ஆங்கிலப் பதிப்பு ஒன்றை வாங்க வேண்டுமானால் கொழும்புக்குப் போக வேண்டும். போனாலும் ஒரு தொகுதியின் விலை ஒரு மாத டியூஷன் காசை விழுங்கிவிடும்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபாவை எட்டியபோது வெளிநாட்டுச் சந்தா என்ற பேச்சே இல்லாமல் போனது. அந்த ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. நாட்டுக்கே மின்சாரம் கொடுக்கும் நுரைச்சோலை நிலையத்தின் புகைபோக்கி எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து தெரியும். நாங்களும் இருட்டில்தான் இருந்தோம். வைபை இல்லாத அந்த இரவுகளில், போனில் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்த பகுதிகளைப் பார்த்துத்தான் பல பொடியன்கள் நேரத்தைப் போக்கினார்கள். சட்டபூர்வச் சேவைகள் கேட்கும் கடன் அட்டை, டொலர், நிலையான இணையம் மூன்றும் இல்லாத இடத்தில் பென் டிரைவ்தான் தியேட்டர்.

மொழி இன்னொரு கதை. சிங்களத்தில் பல ஆண்டுகளாகத் தொண்டர்கள் சப்டைட்டில் எழுதி வருகிறார்கள். பைஸ்கோப், சினெரு போன்ற தளங்களில் திரைப்படங்களோடு அனிமேக்களுக்கும் சிங்கள வசனம் கிடைக்கும். தமிழில் அந்த அளவுக்கு எதுவும் வளரவில்லை. எங்கள் மாவட்டத்தில் மூன்று சமூகங்களும் அடுத்தடுத்து வாழ்வதால் தமிழ் பேசும் பிள்ளைகள் பலர் சிங்களம் வாசிப்பார்கள். நான் ‘டெத் நோட்’டைப் புரிந்துகொண்டது சிங்கள வசனத்தில்தான். டியூஷன் வகுப்பில் வராத சிங்களம் அங்கே வந்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேண்டுமென்றே பதிப்புரிமையை மீறுவோருக்கு ஐந்து இலட்சம் ரூபா வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதிக்கலாம். ஆனால் வாங்குவதற்கு வழியே இல்லாத ஒரு பொருளின் உரிமையைச் சட்டத்தால் மட்டும் காப்பாற்றிவிட முடியாது.

இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள். 2022இல் கிரஞ்சிரோல் அங்கே மாதச் சந்தாவை 79 இந்திய ரூபாவாகக் குறைத்தது. அடுத்த ஆண்டிலிருந்து தமிழ்க் குரல் பதிப்புகள் வரத் தொடங்கின. ‘ஜுஜுட்சு கைசென்’, ‘சோலோ லெவலிங்’ எல்லாம் தமிழ் பேசின. 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்’ இந்தியத் திரையரங்குகளில் தமிழிலும் ஓடியது. சென்னைப் பிள்ளைகளும் ஒரு காலத்தில் எங்களைப் போலத் திருட்டுப் பிரதி பார்த்தவர்கள்தான். அங்கே விலை இறங்கியது, ரசிகர்கள் கணக்கில் ஏறினார்கள், தமிழ் வந்தது.

மங்காவில் அது இன்னும் நடக்கவில்லை. ஷுவேஷா 2019 ஜனவரியில் தொடங்கிய ‘மங்கா ப்ளஸ்’ செயலி ஆங்கிலத்தில் ஆரம்பித்து, பிறகு ஸ்பானிய, இந்தோனேசிய, தாய், வியட்நாம் மொழிகளையும் சேர்த்தது. ஏழு கோடிக்கு மேற்பட்டோர் பேசும் தமிழ் அதில் இல்லை. தமிழில் சித்திரக்கதை விற்காது என்றும் சொல்ல முடியாது. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972 முதல் வெளிநாட்டுக் கதைகளைத் தமிழில் கொடுத்து வருகிறது. எங்கள் வாப்பா தலைமுறை ‘இரும்புக்கை மாயாவி’யை இரவல் வாங்கிப் படித்தது. வாசகர்கள் இருக்கிறார்கள். இருக்கிறார்கள் என்று ஜப்பானில் காட்டத்தான் எண்ணிக்கை இல்லை.

மருமகனின் படம்

என் ராத்தாவின் மகனுக்கு வயது 17. உயர்தரம் படிக்கிறான். மங்கா பார்த்துப் பார்த்துக் கீறப் பழகியவன். போன வருடம் ஆறு பக்கத்தில் ஒரு கதை கீறினான். களப்பில் வலை போடும் ஒரு பொடியன், வலையில் மாட்டும் ஒரு விசித்திர உயிர். பக்கத்துக்குப் பக்கம் கண்டல் காடும் உப்பளமும் வரும். முதல் பக்கத்தைக் கீற மட்டும் அவனுக்கு எட்டு நாள் பிடித்தது. பேஸ்புக்கில் போட்டான். நாற்பது, ஐம்பது லைக் வந்தது.

இரண்டு கிழமைக்குப் பிறகு வேறொரு பெரிய பக்கத்தில் அதே ஆறு பக்கமும் இருந்தது. மூலையில் அவன் போட்டிருந்த கையெழுத்தை வெட்டியிருந்தார்கள். ஆயிரக்கணக்கில் லைக். அவன் எழுதிய முறைப்பாட்டுக்குப் பதில் வரவில்லை.

“பேர் இல்லாட்டி என்ன, இவ்வளவு பேர் பாத்திருக்காங்கதானே” என்று ராத்தா ஆறுதல் சொன்னார்.

“பாத்தது அவங்கட பக்கத்த, உம்மா. என்னய இல்ல” என்றான்.

திருட்டுப் பிரதி என்பது விளம்பரம்தானே என்று இத்தனை வருடம் நான் சொல்லிவந்த நியாயத்தைத்தான் ராத்தா சொன்னார். அதற்கு இவ்வளவு சுருக்கமான பதில் இருக்கிறது என்று அதுவரை நான் யோசிக்கவில்லை. அவனுடைய போனிலும் ஸ்கேன் மங்கா வாசிக்கும் செயலி இருந்தது. அதை அன்று நான் சொல்லிக்காட்டவில்லை. பென் டிரைவில் வளர்ந்த எனக்கு அதைச் சொல்லும் தகுதியும் இல்லை. சில நாள் கழித்து அவனே கேட்டான்: “மாமா, மத்தவங்க கீறினத நாம வாசிக்கிறதும் இப்படித்தானே?”

எங்களால் முடிந்தது

ஆம் என்றேன். பிறகு இருவரும் உட்கார்ந்து எங்களுக்கு எட்டக்கூடிய சட்டபூர்வ வழிகள் எவை என்று தேடினோம். நினைத்ததைவிட அதிகமாகவே இருந்தன.

மங்கா ப்ளஸில் பல தொடர்களின் முதல் சில அத்தியாயங்களும் மிக அண்மைய அத்தியாயங்களும் இலவசம். ஜப்பானில் வெளியாகும் அதே நேரத்தில் ஆங்கிலத்தில் கிடைக்கும். யூடியூப்பில் மியூஸ் ஏசியா, அனி-வன் ஏசியா ஆகிய இரண்டு அலைவரிசைகள் உரிமம் பெற்ற அனிமேக்களை ஆங்கில வசனத்தோடு ஆசிய நாடுகளுக்கு இலவசமாகத் தருகின்றன. இலங்கையிலும் பார்க்கலாம். கடன் அட்டை வேண்டியதில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2016 முதல் இங்கே இருக்கிறது. ஒரு சந்தாவை வீட்டில் உள்ள எல்லோரும் பார்க்கலாம்.

எல்லாம் கிடைக்காது. நடு அத்தியாயங்கள் கிடைக்காது, பழைய தொடர்கள் கிடைக்காது, தமிழ் கிடைக்காது. அந்த இடைவெளியைத் திருட்டுத் தளங்கள்தான் இன்னும் நிரப்புகின்றன. எல்லோரும் நாளையே மாறிவிட வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. மாதம் இரண்டு டொலர்கூட மீனவக் குடும்பம் ஒன்றுக்குச் சின்னக் காசல்ல. ஆனால் இலவசமாகவும் சட்டபூர்வமாகவும் கிடைப்பதையே திருட்டுத் தளத்தில் போய்ப் பார்ப்பதற்கு இனி எங்களிடம் நியாயம் இல்லை. சட்டபூர்வத் தளத்தில் ஒரு பகுதி பார்த்தால், எந்த நாட்டிலிருந்து பார்த்தார்கள் என்ற இடத்தில் இலங்கை என்று ஒன்று கூடும். தமிழ்ப் பதிப்பு வருமா என்பது அதனால் மட்டும் முடிவாகாது. ஆனால் அந்த எண் பூச்சியமாக இருக்கும் வரை யாரும் எங்களைப் பற்றி யோசிக்கப்போவதில்லை.

நிறுவனங்களும் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். திருட்டுப் பிரதியைப் பெருமளவில் வென்றது வழக்கல்ல. நேரத்தோடு, புரியும் மொழியில், கட்டும் விலையில் கொடுத்ததுதான். 79 ரூபாச் சந்தாவுக்குச் சென்னை பதில் சொன்னது. ரீலோட் காசில் கழியும் ஒரு சிறிய சந்தாவுக்குக் கற்பிட்டியும் பதில் சொல்லும்.

அந்த கொமினிகேஷன் கடை இப்போது போன் திருத்தும் கடை. கடை நானா வெளிநாடு போய்விட்டார். மருமகன் தன் கதையின் இரண்டாம் அத்தியாயத்தைக் கீறிக்கொண்டிருக்கிறான். இம்முறை கையெழுத்தை மூலையில் போடவில்லை. வலையின் கண்ணிகளுக்குள், வெட்டி எடுக்க முடியாத இடத்தில் போடுகிறான்.